பில்லி பார்ட்டி: சிரிக்க வைத்தவர் சேர்த்த கூட்டம்

'அபூர்வ சகோதரர்கள்' (1989) என்றால் நமக்கு அப்புதான். கமல் எப்படிக் குள்ளமா நடிச்சார்னு இன்னிக்கும் பேசுறோம். அவரோட சர்க்கஸ்ல நின்ன நிஜமாவே உயரம் குறைந்தவர்களோட பேரை யாரும் கேட்டதில்லை.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான். அங்கே இதை மாற்றப் பார்த்தவர் பில்லி பார்ட்டி. 1924-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். உயரம் 3 அடி 9 அங்குலம். 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' படத்தில் ஒரு பாட்டில் குறும்புக் குழந்தையா வருவார். அப்போ வயசு எட்டு. பிறகு 1988-ல் 'வில்லோ' வரை நடிச்சார். பெரும்பாலும் உருவத்துக்காகக் கிடைச்ச வேஷங்கள்தான்.

ஆனா அந்தப் புகழை அவர் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார். 1957-ல் தன்னைப் போன்றவர்களை நெவாடாவின் ரீனோ நகரத்துக்குக் கூப்பிட்டார். வந்தது சுமார் இருபது பேர். இது ஏன் பெரிய விஷயம்? உயரம் குறைந்தவர்களில் பெரும்பாலோர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவங்க. வீட்டிலும் தெருவிலும் தன்னைப் போல இன்னொருத்தரைப் பார்க்காமலே வளர்றவங்க. வைத்தியம், வேலை, கல்யாணம், கார் பெடல்னு எதைக் கேட்கவும் ஆள் கிடையாது. அந்தக் கூட்டம்தான் 'லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா' அமைப்பா வளர்ந்தது. முதலில் வெச்ச பேரில் 'மிட்ஜெட்' என்ற சொல் இருந்தது. காட்சிப்பொருளா நிறுத்திய காலத்துச் சொல் என்பதால் அதைக் கைவிட்டாங்க. 1975-ல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். 2000-ல் காலமானார்.

நம்ம ஊருக்கு வருவோம். 1995-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்னது ஏழு வகை. குள்ளத்தன்மைக்கு அதில் தனிப் பெயர் இல்லை. 2016-ம் வருஷச் சட்டம் 21 வகைகளைச் சொன்னபோதுதான் அந்தப் பெயர் சேர்ந்தது. வளர்ந்தவருக்கு 147 செ.மீ. அல்லது அதற்கும் குறைந்த உயரம் என்பது அளவு. ரீனோ கூட்டம் நடந்து 59 வருஷம் ஆகியிருந்தது.

திரையும் மெதுவாத்தான் மாறுது. 76 செ.மீ. உயரமுள்ள கின்னஸ் பக்ரு 2005-ல் மலையாளத்தில் 'அத்புதத்வீபு' படத்தின் நாயகன் ஆனார். அடுத்த வருஷம் தமிழில் 'டிஷ்யூம்' வந்தது.

சட்டத்தில் பேர் வந்தாச்சு. திருமுல்லைவாயில்லேர்ந்து மின்சார ரயிலில் போறப்போ கவனிச்சுப் பாருங்க. பெட்டிப் படி, கைப்பிடி, டிக்கெட் ஜன்னல் எல்லாம் யாரோட உயரத்துக்கு வெச்சிருக்கு? சட்டம் அங்கேயும் வந்து சேரணும்.