மறக்கச் சொல்வதா, ஏற்கச் சொல்வதா?

மனத்தில் எழும் துயரை விரட்டாது ஏற்று, மூச்சைக் கவனித்திருக்கும் பயிற்சி இன்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உளவளத்துணையாக அளிக்கப்படுகின்றது. இது எமக்குப் புதியதன்று.

கீழைத்தேயத் தியானத்தை 1979 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற் புகுத்தியவர் ஜோன் கபாட்-சின். மனச்சோர்வு மீளாது தடுக்க அதனைப் பயன்படுத்தும் முறையை 2002 இல் நூலாக்கிய மூவருள் ஒருவர், எமது ரொறன்ரோப் பேராசிரியர் சின்டெல் சீகல். யாழ்ப்பாணத்திலோ மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், செபம் ஆகியவற்றைச் சிகிச்சையிற் சேர்த்திருந்தார்.

2004 ஆழிப்பேரலையை அடுத்து, இலங்கையின் வடகிழக்கு அகதி முகாமொன்றில், போரும் கடலும் வருத்திய 31 பிள்ளைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நடந்தவற்றை வரிசையாக எடுத்துரைத்தனர். மற்றையோர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பழகினர். ஒவ்வொருவருக்கும் 6 அமர்வுகள். நடத்தியோர் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே! 6 மாதங்களின் பின் முதற் பிரிவில் 81 வீதமானோரும் மற்றதில் 71 வீதமானோரும் தேறியிருந்தனர். 2009 இல் வெளியான இவ்வாய்வு சிறியது. சிகிச்சை பெறாதோருடன் ஒப்பிடவுமில்லை. எனினும் தம்மொழி பேசும் ஆசிரியரின் அருகிருந்து பிள்ளைகள் ஆறுதல் கண்டனர்.

நாமோ, இரவில் விழித்தழும் பிள்ளையை "மறந்துவிடு" என்று அதட்டுகின்றோம். எமது இழப்பையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏற்றல் என்பது அநீதிக்கு இணங்குதலன்று. நடந்தது நடந்ததென்றும், இன்னும் நோகின்றதென்றும் ஒப்புதலாகும். அதனை முதலிற் பழகவேண்டியோர் பெற்றோராகிய நாமே.