முகம் மட்டும் தெரிந்தால் போதுமா?

ஒருவரை நிழற்படம் எடுத்தால் அதில் அவருடைய முகம் தெரிந்தே ஆகவேண்டுமா? கலந்துரையாடலில் இப்படி ஒரு கேள்வியை வைத்தால், "முகம் தெரியாத படத்தை யாராவது வீட்டில் மாட்டுவார்களா?" என்றுதான் பெரும்பாலோர் திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நம் இனத்தின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், முகத்தைவிட முக்கியமான ஒன்று கண்ணில் படுகிறது.

முதலில் நடுகல்லைப் பார்ப்போம். இறந்துபோன வீரனை நினைவில் வைத்திருக்க நம் முன்னோர் கண்ட வழி அது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று கணிக்கப்படும் அந்தக் கற்களில் உருவம் எதுவும் செதுக்கப்படவில்லை. தமிழி எழுத்துகள் மட்டுமே உள்ளன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலோடு தொடர்புடைய தீயன் அந்தவன் என்பவனின் கல். அவன் கறுப்பா சிவப்பா, மீசை வைத்திருந்தானா என்றெல்லாம் நமக்குத் தெரியாது. ஆனால் யார், எந்தப் பூசல் என்பது இன்றும் தெரிகிறது. முகம் இல்லாமலே ஒரு மனிதன் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டான்.

பிறகு கேமரா வந்தது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பெயரில், 460க்கும் மேற்பட்ட நிழற்படங்களுடன் எட்டுத் தொகுதிகளை ஆங்கிலேயர்கள் வெளியிட்டார்கள். முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் பல படங்களின் கீழே இருப்பது சாதிப் பெயர் அல்லது இனப் பெயர். அந்த மனிதருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் அங்கே இல்லை.

மலாயாவிலும் இதே கதைதான். சிங்கப்பூரில் 1867இல் தொழில் தொடங்கிய லாம்பர்ட் நிறுவனம் போன்ற நிழற்பட நிலையங்கள் இங்குள்ள மக்களைப் படம் பிடித்து விற்றன. அந்தக் காலத்து அஞ்சலட்டைகளில் நம் பாட்டிமார் மூக்குத்தியும் தண்டட்டியுமாக நிற்கிறார்கள். கீழே 'தமிழ்ப் பெண்' என்று அச்சிட்டிருக்கிறது. அவ்வளவுதான்! கண்ணும் மூக்கும் தெரிந்தும், அவர் யாருடைய மகள், எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்று யாருக்கும் தெரியாது. முகம் இருக்கிறது, ஆள் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தியும் நம்மிடம் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் சாமி படம் விற்கும் கடைகளில் வள்ளலார் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளாடை போர்த்திய அந்த உருவம் ஓவியர்கள் வரைந்தது. வள்ளலார் வாழ்ந்தது 1823 முதல் 1874 வரை. அன்றைக்குச் சென்னையில் நிழற்படக் கலை வந்துவிட்டது. மாசிலாமணி முதலியார் என்ற நிழற்படக்காரர் எட்டு முறை முயன்றும், வெள்ளாடை மட்டுமே பதிந்தது, திருமேனி பதியவில்லை என்பது சன்மார்க்க அன்பர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். 1872இல் வடலூர் சத்திய ஞான சபையில் அவர் வழிபாட்டுக்கு வைத்ததும் உருவச் சிலை அன்று, ஜோதிதான். நிழற்படம் ஒன்றுகூட இல்லாத அவரைத் தமிழுலகம் மறந்ததா? இல்லையே! அவர் ஏற்றிய அடுப்பும் எழுதிய பாட்டும் அவரை அடையாளம் காட்டிவிடுகின்றன.

இனி நம் தோட்டப்புறத்துக்கு வருவோம். 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. அட்டையில் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் இருக்கவேண்டும். லயத்தில் வாழ்ந்த எத்தனையோ பேருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அதுதான். கம்யூனிஸ்டுகள் அந்த அட்டைகளைப் பறித்துக் கிழித்துப் போட்ட சம்பவங்களும் நடந்தன. முகம், பெயர், ரேகை மூன்றும் முதன்முறையாக ஒரே அட்டையில் சேர்ந்தன. ஆனால் அதைக் கேட்டது பாசம் அல்ல, பாதுகாப்புப் படை. 2001இல் அறிமுகமான மைகாட் அட்டையின் சில்லிலும் இரண்டு பெருவிரல் ரேகைகள் இருக்கின்றன. முகத்தை மட்டும் நம்பமுடியாது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது போலத்தான்!

கையைப் பற்றிப் பேசும்போது ஒரு வெளிநாட்டு உதாரணத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ், ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபை 1917 முதல் சுமார் 20 ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். சிலவற்றில் கைகள் மட்டுமே. ஆனாலும் தலைப்பில் அவர் பெயர் இருந்ததால் அவை அவருடைய உருவப்படங்கள் ஆயின. நம் தோட்டத்துத் தாயின் கைகளை அப்படி எடுத்து, பெயரும் எழுதி வைத்திருந்தால்? உளிக்கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் முகத்தைவிட அதிகம் பேசியிருக்கும்.

முகமும் இல்லாமல் பெயரும் இல்லாமல் போனவர்களும் நம்மில் உண்டு. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்கு, காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அவர்களில் மலாயாவிலிருந்து போன நம் தமிழர்களுக்கு, தனித்தனிக் கல்லறை இல்லை. 2023இல்தான் அங்கே தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது. பழைய வழியையே மறுபடி நாடியிருக்கிறோம்.

ஆக, என் முடிவு இதுதான். படத்துக்கு முகம் அழகு. அது யார் என்ற செய்திதான் உயிர். அது இல்லாவிட்டால் நம் வீட்டுப் படமும் அந்த 'தமிழ்ப் பெண்' அஞ்சலட்டை போல ஆகிவிடும்.

நம் வீட்டு இரும்புப் பெட்டிகளில் எத்தனை படங்கள் இப்படிக் கிடக்கின்றன! இன்று ஷா ஆலாம் நகரம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படித் தோட்டங்கள் நகரங்களாகிவிட்டன; லயங்கள் போய்விட்டன. படத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய பெரியவர்களும் ஒவ்வொருவராய்க் குறைந்து வருகிறார்கள்.

எனவே வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டியையோ பெரியப்பாவையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மெல்லிய பென்சிலால் நான்கு விவரங்களை எழுதுங்கள்: பெயர், உறவு, தோட்டம், ஆண்டு. கைப்பேசியில் இருக்கும் படங்களுக்கும் இதையே செய்யுங்கள். நம் பேரப்பிள்ளைகள் படத்தைப் பார்த்து, "இது யாரோ ஒரு தமிழ்ப் பெண்" என்று சொல்லக்கூடாது. "இது எங்கள் கொள்ளுப்பாட்டி" என்று பெயர் சொல்லிக் காட்டவேண்டும்.