படைப்பும் மனச்சாட்சியும்: தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனையில் இரு சான்றுகள்

முன்னுரை

திருமறையை அறியாதவருக்கும் கடவுளைப் பற்றிய சான்று உண்டா? உண்டு என்று கிறிஸ்தவ மரபின் பெரும்பகுதி விடை கூறுகிறது. புறத்தே படைப்பும் அகத்தே மனச்சாட்சியும் அச்சான்றுகள். இவற்றுள் மனச்சாட்சியே கனமானது என்பதும், தான் பிறந்து வளர்ந்த கூட்டத்தையே தட்டிக்கேட்கும்போது அதன் சான்று முழுமை பெறுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1. மறைநூல் அடிப்படை

19ஆம் சங்கீதம் வானத்தைச் சாட்சியாக நிறுத்தித் தொடங்கி, மறைவான குற்றங்களிலிருந்து விடுதலை கேட்கும் மன்றாட்டில் முடிகிறது. ரோமர் நிருபமும் இவ்வரிசையையே பின்பற்றுகிறது. முதல் அதிகாரம் படைப்பைச் சுட்ட, இரண்டாம் அதிகாரம் நியாயப்பிரமாணம் பெறாத மக்களின் இருதயத்தில் எழுதப்பட்டுள்ள கட்டளையைச் சுட்டுகிறது. லீஸ்திரா மக்களிடம் பவுல் மழையையும் விளைச்சலையும் எடுத்துக்காட்டினார்.

2. இயற்கையின் சான்று

2.1 வாதம்: 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் ஐந்து வழிகளை வகுத்தார். இயக்கம், காரணம், நிலையாமை, மேன்மையின் படிநிலை, நோக்குடைய ஒழுங்கு ஆகியவற்றிலிருந்து அவை முதற்பொருளை நோக்கிச் செல்கின்றன. 1802இல் வில்லியம் பேலி உயிர்களின் அமைப்பைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டார்.

2.2 தடை: டேவிட் ஹியூமின் உரையாடல் நூல் 1779இலேயே இத்தகைய ஒப்புமையை ஐயுற்றிருந்தது. 1859இல் டார்வின் இயற்கைத் தேர்வைக் கொண்டு உயிர்களின் தகவமைப்பை விளக்கினார். பேலியின் வாதம் இதனால் தளர்ந்தது. ஆயினும் உலகம் ஏன் உளதாயிற்று, அது ஏன் விதிகளுக்கு உட்பட்டு நிற்கிறது என்ற கேள்விகள் நிலைத்திருக்கின்றன. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வும், தொலைதூர விண்மீன்களிலும் அதே விதிகள் செல்லும் என்ற நம்பிக்கையின்மேல்தான் நடக்கிறது. ஆனால் 1898இல் இதே நகரைச் சூறையாடிய பிளேக்கும் இயற்கையின் ஒரு முகமே. இயற்கை கடவுளின் ஆற்றலைக் காட்டலாம். அவருடைய அன்பை அது மட்டும் நிறுவிவிடாது.

3. மனச்சாட்சியின் சான்று

கான்ட் 1788இல் வெளியிட்ட நூலின் முடிவில் விண்மீன் நிறைந்த வானையும் உள்ளிருக்கும் அறவிதியையும் அருகருகே வைத்தார். 1870இல் ஜான் ஹென்றி நியூமன், மனச்சாட்சியின் முன் நாம் வெட்கமும் அச்சமும் அடைவது, நம்மைப் பொறுப்புக் கேட்கும் ஒருவர் இருப்பதையே காட்டுகிறது என்று வாதிட்டார்.

மனச்சாட்சி என்பது வளர்ப்பின் விளைவுதானே என்பது இதற்கு எழும் வலுவான தடை. வளர்ப்பு அதை வடிவமைக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஊரும் உறவும் ஒப்புக்கொண்ட தீண்டாமையை ஒருவர் தவறென்று உணர்ந்து எதிர்த்து நின்றால், அந்த உணர்வை அதே ஊரின் பழக்கம் என்று சொல்லி முடித்துவிட இயலாது.

4. தமிழ் மண்ணில்

4.1 நோபிலியும் சீகன்பால்குவும்: 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, பகுத்தறிவால் எட்டக்கூடிய இறையுண்மைகளிலிருந்து தம் போதனையைத் தொடங்கினார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழர் இயற்கையின் ஒளியாலேயே கடவுள் உண்டென்று அறிந்திருப்பதாக 1713இல் எழுதிய நூலில் குறிப்பிட்டார். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

4.2 தஞ்சாவூர் தரும் பாடம்: வேதநாயகம் சாஸ்திரியார் தம் 'பெத்லகேம் குறவஞ்சி'யில் கோள்களின் ஒழுங்கைப் படைத்தவரின் ஞானமாகப் பாடினார். ஆனால் சபைக்குள் சாதி வழக்கங்களைக் காக்கவும் அவரே வாதாடினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமையை ஒழிக்கும்படி கட்டளையிட்டபோது தஞ்சாவூரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. வானத்தில் கடவுளைக் கண்ட கண்ணுக்கு, பக்கத்தில் அமர வேண்டிய சகோதரன் தெரியவில்லை. படைப்பை வியப்பது மட்டும் போதாது என்பதற்கும், மனச்சாட்சியும் திருத்தம் பெற வேண்டும் என்பதற்கும் இதைவிடத் தெளிந்த சான்று நம் சபை வரலாற்றில் அரிது.

5. தாம்பரமும் பெங்களூரும்

1934இல் இறையியலாளர் எமில் புருன்னர் கடவுளைப் பற்றிய இயற்கைவழி அறிவுக்கு ஓரளவு இடம் தந்தார். கார்ல் பார்த் அதை முற்றாக மறுத்தார். 1938இல் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்காக ஹென்றிக் கிரேமர் எழுதிய நூலில் பார்த்தின் தாக்கம் தெரிந்தது. இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான சக்கரை, செஞ்சையா முதலியோர் அதே ஆண்டு வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு, இந்தியரின் ஆன்மிக அனுபவத்தைப் புறந்தள்ள மறுத்தது.

இவ்விவாதத்தைப் பெங்களூர் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசென்றது. 1910இல் தோன்றிய ஐக்கிய இறையியல் கல்லூரியில் கற்பித்த பி. டி. தேவானந்தன், 1957இல் இந்நகரில் உருவான சமய, சமூக ஆய்வுக்கான கிறிஸ்தவ நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். தொடக்கத்தில் கிரேமரின் தாக்கம் பெற்றிருந்த அவர், பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவில் மனித மாண்புக்காகப் பிற சமயத்தார் எடுக்கும் முயற்சிகளிலும் கடவுளின் செயலைத் தேடினார். அண்டை வீட்டாரின் மனச்சாட்சியும் இவ்வாறு இறையியலின் ஆதாரமாயிற்று.

முடிவுரை

இயற்கை கேள்வியை எழுப்புகிறது. மனச்சாட்சி நம்மையே விடை சொல்ல அழைக்கிறது. பார்த்தின் எச்சரிக்கையில் உண்மை உண்டு. தன் விருப்பத்தையே கடவுளின் குரலாகக் கொள்வது மனிதருக்கு எளிது. கிறிஸ்துவின் சிலுவை முன் மனச்சாட்சி சோதிக்கப்பட வேண்டியதும் அதனால்தான். ஆயினும் அக்குரல் எல்லா மனிதருக்குள்ளும் ஒலிக்கிறது என்று நம்புகிறவர் எந்த அண்டை வீட்டாரையும் கடவுள் அற்றவராகக் கருத முடியாது. இவ்விரு சான்றுகளையும் ஏற்கும் சபை, அநீதிக்கு எதிராக அண்டையில் எழும் குரலைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளக் கடமைப்பட்டது.