குறிவரைவும் முடிபும்: வாசிப்புத் தேர்வு வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

குறிவரைவைப் படித்தல் கணிதப் பாடத்திற்கே உரியது என்னும் எண்ணம் மொழியாசிரியர் பலரிடம் இன்றும் நிலவுகின்றது. எனினும், கடந்த நாற்பது ஆண்டுகளாக வாசிப்புத் திறனை அளக்கும் தேர்வுகள் குறிவரைவையும் ஒரு பனுவலாகக் கொண்டு வினா எழுப்பி வந்துள்ளன. இம்மாற்றத்தின் வரலாற்றையும், அது மொழியாசிரியரிடம் வேண்டி நிற்பதனையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கின்றது.

குறிவரைவின் தோற்றம்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் இலண்டனில் வெளியிட்ட வாணிக, அரசியல் வரைபட நூல் புள்ளிவிவரக் குறிவரைவின் முன்னோடியாகக் கருதப்படுகின்றது. இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் இரு கோடுகளாக வரைந்து, அவற்றிற்கு இடைப்பட்ட வெளியால் வாணிக நிலுவையை அவர் உணர்த்தினார். குறிவரைவு தொடக்கத்திலேயே வெறும் எண்களின் தொகுப்பாக அமையவில்லை. ஒரு கருத்தை நிறுவும் சான்றாகவே அமைந்தது.

தேர்வினுள் நுழைவு

அமெரிக்காவில் 1985இல் நடைபெற்ற இளைஞர் எழுத்தறிவு ஆய்வு, எழுத்தறிவை உரைநடை, ஆவணம், எண் என மூவகைப்படுத்தியது. அட்டவணையும் குறிவரைவும் ஆவண எழுத்தறிவின்பாற்பட்டன. 1994இல் தொடங்கிய அனைத்துலக வயதுவந்தோர் எழுத்தறிவு ஆய்வும் இப்பாகுபாட்டையே பின்பற்றியது. 15 வயது மாணவர்க்குரிய பீசா மதிப்பீடு 2000ஆம் ஆண்டின் முதற்சுற்றில் வாசிப்பை முதன்மைப் புலமாகக் கொண்டு, இவற்றைத் 'தொடர்ச்சியற்ற பனுவல்' என வகுத்தது. 2009ஆம் ஆண்டுச் சுற்றில் சிங்கப்பூரும், அதன் தொடர்ச்சியாக 2010இல் மலேசியாவும் இம்மதிப்பீட்டில் இணைந்தன.

சாட் ஏரி வினாக்கள்

2000ஆம் ஆண்டுப் பீசா தேர்வில் இடம்பெற்ற சாட் ஏரிப் பகுதி ஈண்டுக் கருதத்தக்கது. அதில் இரு படங்கள் உள்ளன. ஒன்று, ஏரியின் ஆழம் காலந்தோறும் மாறியதைக் காட்டும் கோட்டுக் குறிவரைவு. மற்றொன்று, சகாராப் பாறை ஓவியங்களில் எந்தெந்த விலங்குகள் எக்காலத்தில் இடம்பெற்றன எனக் காட்டுவது. ஏரியின் இன்றைய ஆழம் யாது என்னும் வினாவிற்குக் கோட்டைக் கண்டால் போதும். ஆனால், குறிவரைவு ஏன் கி.மு. 11,000 அளவில் தொடங்குகின்றது என்னும் வினா ஆசிரியரின் நோக்கத்தைத் தேடச் செய்கின்றது. பனியூழியில் வற்றிய ஏரி அக்காலத்தில்தான் மீண்டும் தோன்றியது என்னும் செய்தி பனுவலிலிருந்தே பெறப்பட வேண்டும்.

இறுதி வினா இரு படங்களையும் இணைக்கின்றது. காண்டாமிருகம், நீர்யானை, காட்டெருது ஆகியன ஓவியங்களிலிருந்து மறைந்தது, ஏரியின் மட்டம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாழ்ந்து வந்த பின்னரே என்பது அதன் விடை. இவ்விடை கால வரிசையை மட்டுமே கூறுகின்றது. நீர் குறைந்ததனால்தான் விலங்குகள் மறைந்தன எனக் கூறவில்லை. அக்காரணம் ஏற்புடையதாகத் தோன்றலாம். ஆயினும், இவ்விரு படங்கள் மட்டும் அதனை நிறுவப் போதா.

உண்மையும் சான்றும்

அமெரிக்காவின் சேட் தேர்வு 2016 முதல் வாசிப்புப் பகுதியில் குறிவரைவைச் சேர்த்தது. 2023இல் பிற நாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் கணினிவழித் தேர்வாக மாறியபின், ஒரு முடிபைக் கூறி, அதற்கு அரணாகும் தரவைத் தேர்ந்தெடுக்குமாறு வினவுகின்றது. தவறான விடைகளுள் சில, குறிவரைவைப் பிழையின்றி எடுத்துரைப்பவையே; ஆயினும், அவை அம்முடிபிற்குத் தொடர்பற்றவை. பட்டையின் உயரத்தைச் சரியாகக் கூறும் மாணவர் இடறுவது இவ்விடத்தில்தான். உண்மையான தரவு அனைத்தும் சான்றாகிவிடாது.

முடிவுரை

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதை, பக்கத்தையும் அதனை நிறுவும் ஏதுவையும் பிரித்துரைப்பதோடு, ஏதுப்போல் தோன்றி ஏதுவாகாத ஏதுப்போலியையும் விரித்துரைக்கின்றது. கருத்துணர்தல் வகுப்பில் குறிவரைவு இடம்பெறும்போது, 'எது மிகுதி, எது குறைவு' என்பதோடு வினா நின்றுவிடலாகாது. 'இம்முடிபிற்கு ஏது யாது? இத்தரவால் கூறவியலாதது யாது?' என்னும் வினாக்களும் எழுதல் வேண்டும். அவற்றை எழுப்பும் பொறுப்பு மொழியாசிரியருக்கே உரியது. ஏனெனில், அவை கணக்கீட்டைச் சார்ந்தவையல்ல, பொருள்கோளைச் சார்ந்தவை.