ஐந்து வயதுக்கு முன் யார் பணம் கட்டுவது? மலையக முன்பள்ளிகளின் நிதியும் கட்டணமும்

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கப் போகும் தாய், மலை ஏறுமுன் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்வது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். அந்த மடுவத்தின் இன்றைய பெயர் சிறுவர் அபிவிருத்தி நிலையம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் மட்டும் போதாது, முன்பள்ளிக் கல்வியையும் தரவேண்டும் என்று இப்போது எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கான செலவு யாருடையது என்பதில்தான் சிக்கல்.

இலவசக் கல்வி எங்கே தொடங்குகிறது?

இலங்கையில் 1945இல் வந்த இலவசக் கல்வி முதலாம் தரத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1977இலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அதற்குக் கீழுள்ள வயதினர் வெளியேதான் நின்றார்கள். 1987இன் 13ஆவது திருத்தம் முன்பள்ளிகளை மாகாண சபைகளிடம் கொடுத்தது. பதிவும் மேற்பார்வையும் மாகாணத்திடம் இருக்க, நடத்தும் செலவு பெரும்பாலும் பெற்றோரின் கட்டணத்திலும் தொண்டு, மத அமைப்புகளின் உதவியிலும் தங்கியிருக்கிறது. 2018இல் பதவிக்காலம் முடிந்த மத்திய மாகாண சபைக்கு அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. கேள்வி கேட்க மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினரும் இல்லை.

தோட்டத்துக்குள் யார் கொடுக்கிறார்கள்?

1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் அங்கம் வகிக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் சிறுவர் நிலையங்களுக்கு வழிகாட்டுகிறது. அன்றாடம் நடத்துவது தோட்ட நிர்வாகம்.

பிள்ளை மடுவம் உருவானது தாயின் இரு கைகளும் கொழுந்துக்குத் தேவைப்பட்டதால். அதனால் பிள்ளைக்கான இடமும் தாயின் வேலையோடு கட்டப்பட்டது. இன்று பல பெண்கள் தோட்டப் பதிவை விட்டு மரக்கறித் தோட்டங்களுக்கும் நகர வேலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். அந்தக் குடும்பங்களும் அதே லயத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பிள்ளைக்காகப் பலர் கட்டண முன்பள்ளியைத் தேடவேண்டியிருக்கிறது.

கட்டணம் சிறிதா?

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்தபின் அப்போது கையில் கிடைத்தது 1,242 ரூபா. மாதக் கட்டணம் 1,500 ரூபா என்று வைத்துக்கொண்டால் அது அன்றைய சம்பளத்தில் ஒரு முழு நாள் உழைப்பையும் தாண்டியிருக்கும். சீருடை, சப்பாத்து, வான் கூலி, ஆண்டிறுதிக் கலைவிழா எல்லாம் தனி. மழை நாளில் அரைப் பேர் விழுந்தால் முதலில் நிறுத்தப்படுவது சின்னவரின் படிப்புத்தான்.

அதோடு சாப்பாடும் போகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். 2025 வரவு செலவுத் திட்டம் முன்பள்ளி உணவுக்கான தொகையைப் பிள்ளைக்கு 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாகவும், ஆசிரியர் கொடுப்பனவை மாதம் 1,000 ரூபாவாலும் உயர்த்தியது. முன்பள்ளிக்கே வராத பிள்ளைக்கு இந்த 100 ரூபா போய்ச் சேராது.

திட்டக் காசும் வன்னி அனுபவமும்

2015இல் உலக வங்கி இலங்கையின் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கு 5 கோடி டொலர் கடன் அனுமதித்தது. தோட்ட நிலையங்களும் அதில் அடங்கின. அத்தகைய பணத்தில் கட்டடம் எழும், பயிற்சி நடக்கும். திட்டம் முடிந்த பிறகும் ஆசிரியைக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும்.

சம்பளம் கொடுப்பவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்று வன்னி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியர்களைத் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்தது. மாகாணக் கொடுப்பனவு அதற்குப் பக்கத்திலும் வரவில்லை. எதிர்ப்பு இருந்தும், வீட்டில் அடுப்பெரிய வேண்டிய ஆசிரியைகளால் அதை உதற முடியவில்லை. வன்னியில் சம்பளம் பாதுகாப்புத் துறையிடமிருந்து வந்தது. மலையகத்தில் பிள்ளையின் இடம் கம்பனியின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து நிற்கிறது. இரண்டு இடத்திலும் கல்விக்குப் பொறுப்பானவர்கள் விட்ட வெற்றிடத்தை வேறொருவர் நிரப்பியிருக்கிறார்.

பெற்றோர் கேட்கவேண்டியவை

முன்பள்ளி மாகாணத்தில் பதிவாகியிருக்கிறதா? உணவுத் திட்டத்தில் பெயர் உள்ளதா? கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா? கணக்கு பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்படுகிறதா? பதிவில் இல்லாத தொழிலாளியின் பிள்ளைக்குத் தோட்ட நிலையத்தில் இடம் உண்டா?

கடைசிக் கேள்வியைத் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சு மேசைக்கும் கொண்டுபோகலாம். ஐந்து வயதில் முதலாம் தரத்துக்குள் நுழையும் பிள்ளையிடம் உன் தாய் எங்கே வேலை செய்கிறாள் என்று அரசு கேட்பதில்லை. மூன்று வயதிலும் அப்படிக் கேட்கக் கூடாது.