உப்பாறும் இறால்குழியும்: கொட்டியாரத்தில் எங்கே சாப்பிடுவது?

திருகோணமலைக்கு வாறவங்களுக்குச் சாப்பாட்டுக்கடை காட்டுகிற பட்டியல்கள் ஏராளம். எல்லாம் உப்புவெளி, நிலாவெளி, நகரத்துக் கடற்கரை என்று குடாவின் வடக்குப் பக்கத்தோடயே நின்றுவிடும். தெற்குப் பக்கம் மூதூர், தோப்பூர், சேருவில, வெருகல் என்று ஒரு பெரிய நிலம் இருக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி கடலில் விழுவது இங்கேதான். பழைய பெயர் கொட்டியாரம். இங்கே எங்கே சாப்பிடுவது என்று யாரும் எழுதுவதில்லை. எழுதலாம் என்று நாங்கள் உட்கார்ந்தபோது, அதுக்குள்ள ஒரு முழு வரலாறே கிடந்தது.

இந்தப் பக்கம் வந்து சாப்பிட்டவர்களில் உலகம் அறிந்தவர் ஒரு கைதி. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலேயக் கப்பல், அதைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அப்போது இது கண்டி அரசின் கடல்வாசல்களில் ஒன்று. 1660 ஏப்ரலில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபட் நொக்ஸையும் மற்றவர்களையும் பிடித்தார்கள். மகன் பிடிபட்டது ஒரு புளியமரத்தடியில். வயது 19. அடுத்த 19 ஆண்டுகள் அவர் ஊர் திரும்பவில்லை. 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வந்தது.

அந்தப் புத்தகத்தில் எங்களைப் பிடித்து நிறுத்தியது சாப்பாட்டுக் கணக்கு. அரச கட்டளைப்படி ஊரார்தான் கைதிகளுக்குச் சோறு போட வேண்டும். காசு கிடையாது. சோறு, கீரை, எலுமிச்சை, மிளகு, உப்பு. வயிறு நிறைந்தது, ஆனால் போக விடவில்லை. ஊராரைக் கேட்டும் யாரும் இந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. விருந்தாளியா, கைதியா என்ற கேள்வியோடதான் இந்த மண்ணில் ‘வெளியில சாப்பிடுற’ கதையின் எழுத்துப் பதிவு தொடங்குகிறது.

காசு கொடுத்துச் சாப்பிடுவது பிறகு வந்த பழக்கம். அதுக்கு முதல் வீட்டுக்கு வெளியில சோறு என்றால் ஒன்று கோயில், இல்லாட்டி பள்ளி. வெருகல் ஆற்றங்கரையில் சித்திரவேலாயுதர் திருவிழாவுக்கு மட்டக்களப்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் நடந்து வருகிறவர்களுக்கு அன்னதானம். முஸ்லிம் ஊர்களில் கந்தூரி. கல்யாண வீடென்றால் ஒரே சஹனைச் சுற்றி அஞ்சாறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாவிட்டாலும் கை ஒரே தட்டுக்குள்தான் போகும்.

கடைகளுக்கு இடம் காட்டியது ஆறு. திருகோணமலையிலிருந்து தரைவழியாகத் தெற்கே வர, கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று அஞ்சு இடத்தில் தண்ணீரைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ‘பாதை’. எங்கட கிழக்கில் பாதை என்றால் றோட்டு மட்டுமில்லை, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். பெயர்களைப் பாருங்கள்: ஒரு ஆற்றில் உப்பு இருக்கு, ஒரு குழியில் இறால் இருக்கு. சமையலுக்குத் தேவையானதில் பாதி வழியிலேயே கிடக்கிறது.

பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் பஸ் நிற்கும். பஸ் நின்றால் பசிக்கும். துறையடியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு அதுவே போதும். வாங்கில் சேருவில விகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பம், வெருகலுக்குப் போகும் அம்மா, தோப்பூருக்கு நெல் விலை பேச வரும் காக்கா எல்லாரும் இருக்கலாம். யாரும் யாரையும் விரும்பி வந்தவர்கள் இல்லை. ஆறு இருத்திவைத்தது.

இதைச் சொல்லிவிட்டுப் பாதைக்காலத்தைப் பொற்காலம் ஆக்க எங்களுக்கு மனமில்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் ஓடிய மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் செத்துப்போனார்கள். பாலம் ஆடம்பரமில்லை, உயிர். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆறுகளுக்கும் பாலங்கள் வந்தன. நோயாளி நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மீன் ஐஸ் கரையமுதல் சந்தைக்குப் போகலாம். ஆனால் இப்போது யாரும் காத்திருக்கத் தேவையில்லை. காத்திருக்காதவர் இறங்கமாட்டார். இறங்காதவருக்குத் தோப்பூர் ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான்.

இடையில் யுத்தம். 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டின் கதவு மூடப்பட்டதிலிருந்து சண்டை மூண்டு, ஓகஸ்டில் மூதூருக்குள் வந்தது. மூதூரிலும் தோப்பூரிலும் இருந்து சனங்கள் கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். ஊருக்கே சோறு விளைவித்த சனம் சோத்துப் பார்சலுக்கு வரிசையில் நின்றது. அதே கிழமை மூதூரில் 17 தொண்டுநிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வேலை செய்த அமைப்பின் பெயரே பட்டினிக்கு எதிரானது என்பதைத்தான் சொல்கிறது.

யுத்தம் முடிந்த பிறகும் கடை என்பது எவ்வளவு மெல்லிய பொருள் என்று காட்டியது 2018. பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் கருத்தடை மாத்திரை என்று கதை கட்டினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்துச் சொன்னது: அது மாவுக்கட்டி. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று மருத்துவர்களும் விளக்கினார்கள். ஆனால் சரியாகக் கரையாத ஒரு பிடி மாவு ஒரு ஊரை எரிக்கப் போதுமாக இருந்தது. முகம் தெரியாத ஒருவர் சமைத்ததை வாயில் வைக்கிறது சின்ன விஷயமில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஒவ்வொரு சாப்பாட்டுக்கடையும் திறந்திருக்கிறது.

சரி, எங்கே சாப்பிடுவது? நாங்கள் கடைப்பெயர் சொல்லப்போவதில்லை. தோப்பூர்ச் சந்தியில் இறங்குங்கள். காலையென்றால் இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் சோறும் மீன் ஆணமும். என்ன மீன் என்று கடைக்காரரிடமே கேளுங்கள், ஆற்றுத் தண்ணீரும் கடலும் கலக்கிற குடா என்பதால் பதில் நாளுக்கு நாள் மாறும். பின்னேரம் கொத்துரொட்டித் தகரச் சத்தம் தானே உங்களைக் கூப்பிடும். கடைசியில் சட்டியில் உறைந்த எருமைத் தயிர். ஆற்றோரப் புல்லை மேய்ந்த மாடுகளின் பால் அது.

மேசை குறைவாக இருந்தால் இன்னொருவரோடு சேர்ந்து இருக்கச் சொல்லுவார்கள். இருங்கள். எந்த ஊர் என்று கேட்பார். சொல்லுங்கள், திருப்பிக் கேளுங்கள். முன்னம் ஆறு இருத்திவைத்த இடத்தில், இனி நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.