பஞ்ச பாண்டவரும் நியூ டவுனும்

கல்கத்தாத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் லேக் மார்க்கெட்டின் வாழையிலையையும் காப்பித்தூளையும் மறவாது குறிப்பர். கால்பந்தை மட்டும் மறந்துவிடுவர். அது முறையன்று.

1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையில் ஆடிப் புகழ்பெற்ற வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டினர். 1949, 1950, 1951 என மூன்றாண்டுகள் தொடர்ந்து அவ்வணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அது, நாட்டுப் பிரிவினையால் வீடும் நிலமும் இழந்து கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர் தம் சொந்த அணியெனப் போற்றிய அணி. அவர்கள் இத்தென்னாட்டு ஐவரையே 'பஞ்ச பாண்டவர்' எனக் கொண்டாடினர். ஊரிழந்தோரின் பெருமையை அயலூரார் காத்தனர் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

இன்று நம் இளைஞர் கணிப்பொறிப் பணியை நாடிக் குடியேறுவது நியூ டவுனில். 1999இல் ஹிட்கோ நிறுவனம் அமைந்தபின் ராஜர்ஹாட்டின் வயல்வெளியில் எழுந்த நகர் அது. அடுக்ககங்களில் அண்டை வீட்டார் பெயரும் பலருக்குத் தெரியாது. ஆயினும் 1984இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் விளையாட்டரங்கம் அருகிலேயே உள்ளது. அங்கே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில், பக்கத்து இருக்கைக்காரர் நம்மிடம் ஊரைக் கேளார். எந்த அணி என்றே கேட்பார். ஈஸ்ட் பெங்காலுக்கு ஹில்சா மீன், மோகன் பகானுக்கு இறால் என்பது அவ்வூர் வழக்கு. மீனே உண்ணாத நம்மவரும் இரண்டிலொன்றைச் சொல்லியாக வேண்டும்.